ஆலைச்சங்கும் கேள்வித்தாளும்

மான்செஸ்டர் சென்டர், வெர்மான்ட்
22 ஜூலை 1994

அன்புள்ள மெரில்,

இதை ஜோன்ஸ்வில் அஞ்சலகத்துக்கு அனுப்புகிறேன். நீங்கள் வந்து கேட்கும்வரை வைத்திருப்பார்கள். அதாவது, அதுவரை நீங்கள் நடந்துகொண்டிருந்தால். கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளிப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவள் நான். ஒருவர் சொன்ன நிறுத்தத்தில் சொன்ன நேரத்துக்கு நிற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்.

முதலில் நம் ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துவிடுகிறேன், பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது. ஏப்ரலில் கடைசிப் பனி விழுந்த அன்று, பனி தள்ளும் வண்டியை என் பேருந்துக்குக் குறுக்கே நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "லொரேன், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டது நீங்கள். "முதல்ல வண்டிய ஓரங்கட்டுங்க, பிள்ளைங்களுக்கு நேரமாகுது" என்று சொன்னது நான். பின்னால் உட்கார்ந்திருந்த வாண்டுகள் அன்றைக்கே அதை ஊர் முழுக்க விற்றுவிட்டன. மளிகைக் கடையில் இன்றும் என்னைப் பார்த்தால் தொண்டையைச் செருமுகிறார்கள்.

எனக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும்? பனிக்காலம் முழுக்க விடியற்காலையில் உங்கள் வண்டிக்குப் பின்னால் என் வண்டி. உங்கள் சிவப்புப் பின்விளக்கு தெரியும். வளைவு வழுக்கினால் ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்டுவீர்கள், அது தெரியும். என் வீட்டுக்காரர் ரேமண்ட் இறந்த வாரம் என் வாசல் பனியை யார் தள்ளிவிட்டுப் போனது என்பதும், நீங்கள் வாய் திறக்காவிட்டாலும், தெரியும். இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தி கட்டிலில் பாதி இடம் கொடுத்துவிட முடியுமா?

அதனால்தான் வெர்மான்ட் மலைகள் நெடுகப் போகும் இந்த நெடும்பாதையில் நீங்கள் வடக்கே கனடா எல்லையிலிருந்து, நான் தெற்கே மாசசூசெட்ஸ் எல்லையிலிருந்து நடக்கிறோம். உங்கள் பிக்-அப் வடக்கு முனையில் நிற்கிறது, என் கார் தெற்கு முனையில் நிற்கிறது. 30-ஆம் தேதி சனிக்கிழமை நண்பகல், மிடில்பரி கணவாயில் தார்ச்சாலை நம் பாதையை வெட்டும் இடத்தில் சந்திப்பு. சாவிகளை மாற்றிக்கொள்வோம். உங்கள் கேள்விக்கு அங்கே பதில் சொல்வேன். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அவரவர் மிச்சப் பாதியை நடந்து முடித்து, மற்றவர் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர வேண்டியது. என் காரில் ரிவர்ஸ் கியர் சில நாள் விழாது. பள்ளத்தில் மூக்கை விட்டு நிறுத்திவிடாதீர்கள்.

சேர்ந்தே நடக்கலாமே என்று கேட்டீர்கள். சேர்ந்து நடந்தால் இரண்டு பேரும் நல்லவர்களாக நடிப்போம். என் திட்டம் வேறு. வழியில் உங்களோடு ஒரே பாதையோரக் கொட்டகையில் படுத்து எழுந்தவர்களில் வேகமாக நடக்கிறவர்கள் எப்படியும் உங்களை முந்திக்கொண்டு என் எதிரே வருவார்கள். நிறுத்தி விசாரிப்பேன். மழையில் இந்த மனிதர் எப்படி, கடைசி மடக்குக் காபியை யாருக்குக் கொடுக்கிறார், எல்லாவற்றையும். வீடு வாடகைக்கு எடுக்கிறவள் பக்கத்து வீட்டில் விசாரிப்பது போலத்தான்.

இதனாலேயே எனக்குப் பெயரும் வந்துவிட்டது. தாய் தகப்பன் வைத்த பெயர் இந்தப் பாதையில் செல்லாது, கூட நடப்பவர்கள்தான் வைக்க வேண்டும் என்று உங்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். என்னோடு ஒல்லிக்குச்சியாக ஒரு பல் டாக்டர் நடக்கிறார். மற்றவர்கள் தின்று மிச்சம் வைத்த பானைகளையெல்லாம் வழித்து நக்குவதால் அவர் பெயர் ரெண்டாம் பந்தி. ஒருநாள் என் விசாரணையைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அக்கா, நீங்க ஆளே இல்ல, கேள்வித்தாள்" என்றார். ஒட்டிக்கொண்டது.

உங்களுக்கு என்ன பெயர்? கண்டிப்பாக எழுதுங்கள். மெரில் என்று கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நீங்கள் கில்லிங்டன் அஞ்சலகத்துக்கு எழுதினால் எனக்குக் கிடைக்கும்.

வலது காலணியின் கயிறு அறுந்துவிட்டது. இந்த ஊர்க் கடையில் மஞ்சள் கயிறுதான் இருந்தது. இடது கால் சிவப்பு, வலது கால் மஞ்சள். சர்க்கஸ்காரி போல உங்கள் முன் வந்து நிற்பேன், சிரிக்கக் கூடாது.

லொரேன் பெல்கி


ஜோன்ஸ்வில்
26 ஜூலை

அன்புள்ள லொரேன்,

கடிதம் கிடைத்தது. அஞ்சலகப் பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்தாள். கடிதத்துக்காக இல்லை, எனக்காக.

எனக்கு எழுத வராது. கடைசியாக எழுதியது நகர அலுவலகத்துக்கு விடுப்பு விண்ணப்பம். அதிலும் எழுத்துப் பிழை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

நடக்கிறேன். பாதை என்று பெயர், பாதி இடத்தில் ஓடை, மீதியில் சேறு. தள்ளி ஒதுக்கக் கை துறுதுறுக்கிறது. மேன்ஸ்ஃபீல்டில் இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள். மழையில் ஏறினேன். உச்சியில் ஒன்றும் தெரியவில்லை, மேகத்துக்குள் நின்றுகொண்டு ரொட்டியில் பீநட் பட்டர் தடவித் தின்றேன். எனக்குப் பிடித்திருந்தது. உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்த மேகத்தையே நிறுத்திக் கேள்வி கேட்பீர்கள்.

இவ்வளவு கேட்கிறவர் ஒன்றைக் கேட்கவில்லை. நான் ஏன் அன்றைக்கு அப்படி வண்டியைக் குறுக்கே போட்டேன் என்று. சொல்லிவிடுகிறேன். புயல் நாளில் நான் தள்ளிக்கொண்டே போவேன், பின்னால் பனி மூடிக்கொண்டே வரும். மேட்டில் ஏறித் திரும்பும்போது கண்ணாடியில் உங்கள் பேருந்து விளக்கு தெரியும். அப்போதுதான் நான் போட்டது சாலை என்று எனக்கே நம்பிக்கை வரும். ஜூனில் பள்ளி மூடினால் இலையுதிர் காலம்வரை கண்ணாடியில் ஒன்றும் இருக்காது. அது எனக்குப் பிடிக்கவில்லை. வருடா வருடம் இன்னும் பிடிக்காமல் போகிறது.

பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் கொட்டகையிலேயே வைத்துவிட்டார்கள். சொல்லும்படியாக இல்லை. கணவாயில் நேரில் சொல்கிறேன்.

ஒரு சந்தேகம். நீங்கள் லேசாகத் தூங்குகிறவரா, அசந்து தூங்குகிறவரா? சும்மாதான் கேட்டேன்.

சனிக்கிழமை நண்பகல் அங்கே இருப்பேன்.

மெரில்


பிரிஸ்டல்
1 ஆகஸ்ட்

மெரில் ஸ்டானர்ட் அவர்களுக்கு,

இதைக் கில்லிங்டனுக்கு அனுப்புகிறேன். நீங்கள் சொன்னபடி தெற்கே நடந்துகொண்டிருந்தால் சில நாளில் கைக்கு வரும். நடக்கவில்லையென்றால் அங்கேயே கிடந்து மக்கட்டும்.

சனிக்கிழமை நான் கணவாய்க்கு வந்தபோது வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. ஓடையில் முகம் கழுவினேன். இதற்கென்றே மூட்டையின் அடியில் ஒரு சட்டையைச் சுத்தமாக வைத்திருந்தேன், அதைப் போட்டுக்கொண்டேன். கில்லிங்டன் பேக்கரியில் அப்போதுதான் சுட்ட ஆப்பிள் பை ஒன்றை வாங்கி, நசுங்காமல் தொப்பிக்குள் வைத்துச் சுமந்து வந்திருந்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாலையோரப் பாறையில் உட்கார்ந்தேன். கார்க்காரர்கள் வேகத்தைக் குறைத்து, கிழவி எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

வடக்கிலிருந்து வந்த எல்லாரையும் கேட்டேன். மெரில் என்று ஒருவரை யாருக்கும் தெரியவில்லை. ஆலைச்சங்கு என்று ஒருவன் வருகிறானாம், அவனைத்தான் பாதை முழுக்கத் தெரிந்திருக்கிறது. குறட்டை மன்னன். ஒரு பெண் சொன்னாள்: "ஆளு தங்கம்க்கா. எனக்குக் கால் சுளுக்கினப்ப என் மூட்டையையும் சேத்துத் தூக்கிட்டு வந்தாரு. ஆனா அவரு கண்ண மூடினா நம்ம கண்ணு மூடாது." யாரோ ஒரு குறட்டைக்காரனைப் பற்றி இவ்வளவு தெரிகிறது, உங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்கள் கடிதத்தில் ஜோன்ஸ்வில் முத்திரை இருந்தது. அதற்குத் தெற்கே உங்களைப் பார்த்தவர் கிடையாது. ஆக, அங்கேயே மனம் மாறி பிக்-அப்புக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

வெயில் சாயத் தொடங்கியதும் எழுந்து வடக்கே நடந்தேன். வழியில் மரங்களில் நீலக் குறி போட்ட கிளைப்பாதை ஒன்று குளத்துக்கு இறங்கியது. முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று அங்கே போய் ரொம்ப நேரம் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டாம் பந்தி தேடிக்கொண்டு வந்தார். ஆப்பிள் பையை அவரிடம் நீட்டினேன். "வேணாம்க்கா" என்றார். அந்த மனிதர் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இருட்டுமுன் கொட்டகைக்குப் போய்ப் படுத்துவிட்டோம். எங்களுக்கு அப்புறம் ஓர் ஆள் வந்து விழுந்தான். அவனேதான், ஆலைச்சங்கு. முகம் தெரியவில்லை, படுக்கைப் பையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தான். சேற்று நாற்றம் மட்டும் வந்தது. பிறகு தொடங்கினான் பாருங்கள், பலகையெல்லாம் அதிர்ந்தது. ரெண்டாம் பந்தி, "இது மனுஷன் இல்லக்கா, மில்லு" என்று சொல்லிவிட்டு மழையென்றும் பாராமல் வெளியே போய் மரத்தடியில் படுத்தார். நானும் ஒரு காலணியைக் கையில் எடுத்தேன், எறிவதற்கு.

எறியவில்லை. அரைத்தூக்கத்தில் எனக்கு ஜனவரி மாதம் போல இருந்தது. என் வீடு, என் கட்டில். வெளியே ஏதோ நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது, இன்னும் அரை மணி படுக்கலாம் என்று தோன்றியது. படுத்தேன். ரேமண்ட் போன பிறகு நான் அப்படித் தூங்கியதில்லை. விடியும்போது விழித்து, எனக்கே வெட்கமாகிப் போய், எவர் முகத்தையும் பார்க்காமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இதை உங்களிடம் எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. சொல்லிப் பழகிவிட்டது.

பதிலைக் கணவாய்வரை சுமந்து வந்தேன். இறக்கி வைக்க ஆள் வரவில்லை, இப்போது அதுவும் என்னோடு வடக்கே வருகிறது. அது ஆமாமா இல்லையா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இனி இல்லை. உங்கள் சாவி உங்களிடம், என் சாவி என்னிடம். எல்லையில் இறங்கியதும் சாலையில் கட்டைவிரலைக் காட்டி யார் வண்டியிலாவது ஏறி ஊர் போய்ச் சேர்வேன்.

லொரேன் பெல்கி


ஹான்காக், அர்லீன் விடுதி
1 ஆகஸ்ட்

அன்புள்ள லொரேன்,

நீங்கள் ஜோன்ஸ்வில் சேரும்போது இது அங்கே இருக்க வேண்டும். அர்லீன் இன்றைக்கே தபாலில் போடுகிறேன் என்றாள்.

நான் வந்தேன். நம்புங்கள். சனிக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

கொட்டகையில் படுக்கும்முன் கைத்தடியை மறுநாள் போக வேண்டிய திசை பார்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பேன். மரத்தில் போட்ட வெள்ளைக் குறி வடக்கே போகிறவனுக்கும் தெற்கே போகிறவனுக்கும் ஒன்றுதான், அது வழி சொல்லாது. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் வைத்தேன். நடுவில் ஒரு முள்ளம்பன்றி வந்து என் காலணியைக் கடிக்கத் தொடங்கியது. வியர்வை உப்புக்காகக் கடிக்குமாம். தடியை எடுத்து விரட்டினேன், திரும்ப எங்கேயோ போட்டுவிட்டுப் படுத்தேன்.

சந்தோஷத்தில் விடியுமுன்பே விழிப்பு வந்துவிட்டது. ஒரே மூடுபனி. தடி காட்டிய பக்கம் நடந்தேன். நன்றாக நடந்தேன், லொரேன். நகர மன்றத்தில் பேச ஒத்திகை பார்ப்பவன் போல உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். பனி விலகியபோது எதிரே ஒரு விழுந்த மரம், அதன் மேல் ஒரு ஆரஞ்சுத் தோல். முந்தின நாள் நான் உரித்து மறந்துவிட்டுப் போன தோல். காலை முழுக்க வந்த வழியே திரும்பி வடக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பி ஓடினேன் என்று எழுத ஆசைதான். இந்தப் பாதையில் ஓட முடியாது, வேர்கள் காலைப் பிடிக்கும். நிற்காமல் நடந்தேன், அவ்வளவுதான். அடுப்பு பற்ற வைக்க நேரமில்லை, நூடுல்ஸைப் பச்சையாகக் கடித்தேன். தண்ணீர் பிடிக்கக்கூட ஒதுங்கவில்லை. குளத்துக்கு ஒரு நீலக் குறிப் பாதை இறங்கியது, தாகம், இருந்தும் போகவில்லை. நேராகக் கணவாய்க்கு இறங்கினேன். பாறையில் யாரும் இல்லை. சாலையோரம் ஒருவர் காருக்குச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார். கேட்டேன். "செவப்பு ஒண்ணு மஞ்ச ஒண்ணுன்னு கயிறு கட்டின அம்மாவா? ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. வடக்க ஏறிட்டாங்க" என்றார். எங்கேயோ ஒருவரை ஒருவர் தாண்டியிருக்கிறோம். எங்கே என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அப்போதே முட்டி வீங்கத் தொடங்கியிருந்தது. அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும். பெரிய புயலில் ஒரே சாலையை மூன்று சுற்று தள்ள வேண்டிவரும். முதல் சுற்றில் கோபம் வரும், இரண்டாம் சுற்றில் அலுப்பு வரும், மூன்றாம் சுற்றில் ஒன்றும் வராது, கை மட்டும் வேலை செய்யும். அப்படி ஏறினேன். அதே வேர், அதே பாறை, அதே சேற்றில் என் காலடியே வந்ததும் போனதுமாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஏற்றத்தில் தடியில் சாய்ந்தேன், இறக்கத்தில் உட்கார்ந்து சறுக்கினேன். ஒரு கட்டத்தில் முட்டியிடம் பேசத் தொடங்கிவிட்டேன், நயமாகவும், பிறகு வண்டை வண்டையாகவும். நீங்கள் முன்னால் போகிறீர்கள், நான் பின்னால் வருகிறேன். எத்தனை பனிக்காலம் அது தலைகீழாக இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் வருவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

கொட்டகைக்கு வந்தபோது கண் மங்கும் இருட்டு. வாசலில் காலணிகள். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள். அதைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே எல்லாரும் படுத்துவிட்டார்கள். இருட்டிய பின் வருகிறவன் விளக்கடிக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. உங்களுக்கும் தெரியும். சுருண்டு கிடந்தவர்களில் நீங்கள் யார் என்றும் தெரியவில்லை. எழுப்பியிருக்கலாம். என் தோற்றம் எழுப்பும்படியாக இல்லை. கொஞ்சம் கண்ணை மூடிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் எழுந்து, காபி போட்டு உங்கள் பக்கத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கண்ணை மூடினேன்.

திறந்தபோது முகத்தில் வெயில். கொட்டகை காலி. வெளியே நனைந்த கோழி மாதிரி ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். "கேள்வித்தாள் எங்க?" என்று கேட்டேன். "விடியும்போதே போயிட்டாங்க. நீங்க இருக்கற எடத்துல யாரு இருப்பா?" என்றார். நான் மெரில் என்று சொன்னேன். அவர் சட்டென்று எழுந்தார். பிறகு என் மூட்டையையும் எடுத்துக்கொண்டு என்னைக் கணவாய்வரை இறக்கி, அர்லீன் விடுதியில் சேர்த்துவிட்டுப் போனார். முட்டி பூசணிக்காய் மாதிரி இருக்கிறது.

இப்போது பெயர். ஆலைச்சங்கு. உங்களை முந்திக்கொண்டு தெற்கிலிருந்து வந்தவர்கள் சிலர் என் கொட்டகைகளில் தங்கினார்கள். "மெரில்னு யாரையாவது தெரியுமா? ஒரு அம்மா வழியெல்லாம் கேட்டுக்கிட்டு வராங்க" என்றார்கள். தெரியாது என்றேன். பக்கத்தில் கிடந்தவர்கள் என்னை ஆலைச்சங்கு என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான்தான் மெரில் என்று சொன்னால், அது எனக்கு முன்னால் உங்களிடம் வந்துவிடும். பெவர்லிக்கும் எனக்கும் ஏன் கல்யாண வாழ்க்கை ஒத்துவரவில்லை என்று ஊரில் பல கதை உண்டு. உண்மை இதுதான். முதலில் அடுத்த அறைக்குப் போனாள், பிறகு மாடிக்குப் போனாள், பிறகு தங்கை வீட்டுக்குப் போனாள். தூக்கமில்லாமல் அவள் மெலிந்துபோனதை நான் பார்த்தேன். அவள்மேல் குற்றமில்லை. பெயரை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் சனிக்கிழமை உங்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று எதிரே வந்த ஒவ்வொருவரும் சொல்லியிருப்பார்கள். வெட்கப்பட்டேன், கெட்டேன்.

பிக்-அப் சாவியை இதோடு வைத்திருக்கிறேன். வண்டியில் எண்ணெய் நிரப்பித்தான் விட்டேன். நீங்கள் பத்திரமாக வீடு போக வேண்டும். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் விடியும்போதே எழுந்து ஓடியதே பதில் என்றாலும் எனக்குப் புரியும்.

மெரில்


ஜோன்ஸ்வில்
5 ஆகஸ்ட்

மெரில்,

நீங்கள் என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். வரவில்லை. ஒரே பலகையில் படுத்து எழுந்தவனுக்கு என்ன நீங்கள்?

நீதானா அது.

ரெண்டாம் பந்தி முந்தாநாள் என்னைப் பிடித்துவிட்டார். வாயெல்லாம் பல். என்னவென்று கேட்டால், "அக்கா, நான் டாக்டரு, அடுத்தவங்க வாயிலதான் கைய வைப்பேன், என் வாயத் திறக்க மாட்டேன். போய்த் தபாலப் பாருங்க" என்றார். என் கேள்விகளுக்கு மசியாத முதல் ஆள்.

அஞ்சலகப் படியில் உட்கார்ந்து படித்தேன். சிரித்தேன், அப்புறம் படித்த இடத்தையே மறுபடி படித்தேன். நீ தாகத்தோடு தாண்டிப் போன அந்த நீலக் குறிப் பாதையின் கீழேதான் நான் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஒரு வாய் தண்ணீருக்கு இறங்கியிருந்தால் உனக்கு முட்டி மிஞ்சியிருக்கும், எனக்கு ஆப்பிள் பை மிஞ்சியிருக்கும். என் ஆட்களிடமே மெரிலைத் தெரியாது என்று சொன்னதற்கு உன்னை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

கில்லிங்டனில் என் கடிதம் ஒன்று கிடக்கிறது. நல்ல சூட்டில் எழுதியது. அதைப் படிக்கும்போது திட்டையெல்லாம் தாண்டி, காலணியை எறியாமல் விட்ட இடத்துக்குப் போ. அதை எழுதும்போது எனக்கே காரணம் தெரியவில்லை. இங்கே படியில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. பனிக்காலத்தில் எனக்கு எப்போதும் சீக்கிரம் விழித்துவிடும். இருட்டில் படுத்தபடி காது கொடுத்துக்கொண்டிருப்பேன். உன் வண்டி எங்கள் தெருமுனையில் திரும்பி, பனி தள்ளும் அலகு சாலையை உரசிக்கொண்டு உறுமி வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் நெஞ்சு அடங்கும். சாலை வந்துவிட்டது, இன்னும் அரை மணி இருக்கிறது என்று திரும்பிப் படுப்பேன். ரேமண்ட் இருந்தபோதும் அப்படித்தான், போன பிறகும் அப்படித்தான்.

பெவர்லி பாவம். அவள் பேருந்து ஓட்டியதில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: நான் லேசாகத் தூங்குகிறவள். சத்தம் இல்லாவிட்டால்.

சாவியை மாற்றிக்கொள்வதாகத்தானே ஒப்பந்தம்? உன்னுடையது என்னிடம் வந்துவிட்டது, திருப்பித் தருவதாக இல்லை. என்னுடையதை இதோடு வைத்திருக்கிறேன். இன்னொரு கேள்விக்கான பதிலையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டதாக நினைத்துக்கொள். முட்டி வற்றட்டும், அவசரம் இல்லை. நான் மிச்சத்தை நடந்து முடித்துவிட்டுத்தான் வருவேன், மேகத்தைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஜான்சன் அஞ்சலகத்துக்கு ஒரு வரி எழுது.

முள்ளம்பன்றி எந்தக் காலணியைக் கடித்தது, இடதா வலதா? அர்லீன் உனக்கு என்ன சமைத்துப் போடுகிறாள்? ஆரஞ்சுத் தோலைப் பாதையில் விட்டுவிட்டு வரலாமா, அதை எடுத்தாயா இல்லையா?

லொரேன்


ஹான்காக்
8 ஆகஸ்ட்

அன்புள்ள கேள்வித்தாளுக்கு,

இடது. பீன்ஸ். எடுத்தேன், சட்டைப் பையில் இருக்கிறது.

அர்லீன் என்னைக் கில்லிங்டனுக்கு அழைத்துக்கொண்டு போனாள். உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு, அப்படியே தெற்கே போய் உன் காரை எடுத்துக்கொண்டு வந்தேன். நீ காலணியை எறியாமல் படுத்த இடத்தை மூன்று தடவை படித்தேன், அந்த மலையில் நடந்ததைப் போலவே. இந்தத் தடவை மூன்றாம் சுற்றிலும் ஏதோ வந்தது.

இதுநாள்வரை அந்தச் சத்தத்தால் ஒருவரும் தூங்கிப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆகவே செய்யப்போவதை எழுதுகிறேன். நாளை மறுநாள் வடக்கே கிளம்புகிறேன். உன் காரில் ரிவர்ஸ் விழவே இல்லை, எனவே திரும்பி வருவதற்கு வழியும் இல்லை. பாதை முடிகிற இடத்தில், பிக்-அப்பை ஒட்டி நிறுத்திக்கொண்டு உள்ளேயே படுத்திருப்பேன். ஆப்பிள் பை ஒன்று வாங்கி வைக்கிறேன், நசுங்காமல்.

நீ எந்த நாள் இறங்குவாய் என்று எனக்குத் தெரியாது. மூடுபனியாக இருந்தாலும் வெள்ளைக் குறியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சத்தத்தைக் கேட்டு வா.

ஆலைச்சங்கு